பெட்ஷீட்டின் மறுமுனை

திண்டுக்கல்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அமலராணிக்கு,

ஆண்டவர் தயவில் இங்கே நானும் என் வீட்டுக்காரர், உன் சூசை அண்ணனும், மகள் ஷைனியும் சுகம். கடல் தாண்டி இப்ரியில் நீயும் என் தம்பி ரொனால்டும் சுகமா? அங்கே குளிர் விட்டுவிட்டதா?

கிறிஸ்துமஸ் அன்று போனில் நான் சொன்னது தப்புதான். "பிள்ளையா குட்டியா, ரெண்டு பேருக்கு அப்படி என்ன செலவு" என்று கேட்டிருக்கக் கூடாது. நீ திருப்பிச் சொன்னதும் சின்ன வார்த்தை இல்லை. அதற்குப் பிறகு நீ என் போனை எடுப்பதில்லை. புத்தாண்டு அன்று ரொனால்டு வாய்ஸ் அனுப்பினான்: "போன்ல பேசுனா ரெண்டு பேரும் அடிச்சுக்கிருவீங்க. லெட்டர் போட்டுக்கங்க. எழுதி முடிக்கிறதுக்குள்ள கோவம் ஆறிரும்." அவன் சொன்னதற்காகத்தான் எழுதுகிறேன். அந்த வாய்ஸுக்குப் பிறகு அவன் குரலே இல்லை. கூப்பிட்டால் எடுப்பதில்லை, 'வேலை, பிறகு' என்று தட்டச்சு செய்து அனுப்புகிறான். ஒரு நிமிடத்தில் சொல்ல வேண்டியதை ஏழு நிமிடம் பேசி அனுப்புகிறவன் அவன்.

ஷைனிக்கு இடம் முடிவாகிவிட்டது. மாப்பிள்ளை வீடு கொசவபட்டி. செப்டம்பர் பத்தாம் தேதி கல்யாணம். மாப்பிள்ளையின் அம்மா உட்காரும் முன்பே கேட்டார்: "தாய்மாமன் எப்ப வாராக?" நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். கோவில் வாசலிலிருந்து பீடம் வரை பெண்ணைத் தாய்மாமன்தான் கைப்பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். உன் கல்யாணத்தில் உன்னைக் கூட்டிவந்தபோது உன் தாய்மாமன் வேட்டி தடுக்கி விழப் பார்த்தாரே, அந்த நடைதான். ரொனால்டு எந்தத் தேதிக்கு டிக்கெட் போடுகிறான் என்று எழுது.

போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரே வரி அனுப்பியிருந்தாய்: உப்புத் தண்ணீரில் வெள்ளைத் துணியைப் பழுப்பேறாமல், சோப்புச் செலவும் குறைவாக, எப்படித் துவைப்பது என்று. பதினாறு வருடத்தில் நீ என்னிடம் யோசனை கேட்டது இதுதான் முதல் தடவை. எதற்கு என்று யோசித்தேன், பிடிபடவில்லை. எங்கள் போர்த் தண்ணீர் உப்புதான். நான் முதலில் தண்ணீரில் சலவைச் சோடா ஒரு கரண்டி போட்டுக் கலக்கிச் செத்த நேரம் விடுவேன். பிறகு பவுடர் போட்டால் பாதி அளவே போதும், நுரை வரும்.

எல்லா நலமும் வேண்டி,
மரியசெல்வி

•

இப்ரி
27 பிப்ரவரி 2025

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எல்லாரும் சுகம் என்று அறிந்து மகிழ்ச்சி. இங்கேயும் சுகம். ஷைனி செய்தி கேட்டு உங்கள் தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. டிக்கெட் இன்னும் போடவில்லை. போடும்போது எழுதுகிறேன்.

சோடா யோசனை பலித்தது. முன்பு துணியை லாண்டரிக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு பெட்ஷீட்டுக்கு அரை ரியால். இப்போது எல்லாம் வீட்டில்தான். தண்ணீர் இங்கே லாரியில் வாங்குவது, அதனால் ஏ.சி.யில் சொட்டும் தண்ணீரை வாளியில் பிடிக்கிறேன். ஒரு நாளைக்கு ஒன்றரை வாளி வரும். அதில் உப்பு இல்லை, சோப்பு அதிகம் கேட்பதில்லை. கடைசி அலசலை அதில் வைத்துக்கொள்கிறேன். மெஷினில் பிழியும் பகுதி கெட்டுவிட்டது. சரிசெய்ய நாற்பது ரியால் கேட்டான், வேண்டாம் என்றுவிட்டேன். பெட்ஷீட்டை ஒருத்தியாகப் பிழிவதுதான் பாடு. ஒரு முனையை மாடிக் குழாயில் கட்டிவிட்டு மறுமுனையை முறுக்குகிறேன். காயப் போட்டால் இருபது நிமிடம். பாலைவனத்தில் மிச்சம் பிடிக்க வெயில் ஒன்றுதான் இலவசம்.

மதினி, யாராவது இந்தப் பக்கம் வந்தால் பழைய சின்னாளப்பட்டிப் பருத்திச் சேலைகள் நாலைந்து கொடுத்துவிடுவீர்களா? கட்டிக் கட்டி மெத்தென்று ஆனதாக இருந்தால் நல்லது.

அண்ணனுக்கும் ஷைனிக்கும் எங்கள் அன்பு.

அமலராணி

•

திண்டுக்கல்
20 மார்ச் 2025

அன்புள்ள அமலராணிக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்தைப் பற்றி நீ ஒரு வார்த்தைதான் எழுதியிருக்கிறாய், துணியைப் பற்றி ஒரு பக்கம். படித்துக்காட்டியதும் உன் அண்ணன், "என்ன அவ, வீட்டுக்காரனுக்கு உடம்பு எப்படின்னு எழுதச் சொன்னா ஏ.சி.க்கு எம்புட்டு ஒழுகுதுன்னு எழுதுறா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டே பேர் இருக்கிற வீட்டில் பெட்ஷீட் பிழிய நீ ஏன் குழாயில் கட்ட வேண்டும்? ரொனால்டுக்குக் கை இல்லையா? சின்ன வயதில் வீட்டுப் பெட்ஷீட் எல்லாம் நானும் அவனும்தான் பிழிவோம். நான் முறுக்குகிற பக்கமே அவனும் முறுக்குவான். துணி சும்மா சுற்றும், சொட்டுத் தண்ணீர் இறங்காது. "ஏலே, மறுபக்கம் முறுக்குடா" என்று நான் கத்த வேண்டும், அதற்கென்றே செய்வான். அவனைப் பிடிக்கச் சொல். நீ சொல்லவில்லையா, சொல்லியும் வரவில்லையா?

பழைய சேலை விஷயமும் எனக்கு விளங்கவில்லை. அம்மா இறந்தபோது அவர் சேலைகளில் உனக்கு நாலு எடுத்து வைத்தேன். "அடுத்தவங்க கட்டுனத நான் கட்டுறதில்ல மதினி" என்று சொல்லிப் பெட்டியை என் பக்கம் தள்ளினாய். இப்போது யார் கட்டியதானாலும் பரவாயில்லை என்கிறாய். எதற்கென்று தெரியாமல் நான் அனுப்புவதாக இல்லை.

சேலை வேறு, டிக்கெட் வேறு. கொசவபட்டியிலிருந்து இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள். செலவைக் குறைக்கிறேன் என்று நீ அவனைத் தடுக்கிறாயோ என்று எனக்கு ஒரு எண்ணம். எண்ணத்தை மறைக்க எனக்கு வராது.

நலம் கோரி,
மரியசெல்வி

•

இப்ரி
24 ஏப்ரல் 2025

அன்புள்ள மதினிக்கு,

உயிர்ப்புத் திருநாள் வாழ்த்துகள், தாமதமாக. எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன்.

நான் யாரையும் தடுக்கவில்லை. சேலை இல்லாவிட்டால் பரவாயில்லை, இங்கேயே மெல்லிய துணி வாங்கிக் கிழித்துக்கொண்டேன்.

இன்னொன்று கேட்கலாமா? ஷைனி கைக்குழந்தையாக இருந்தபோது தொட்டில் துணியில் வாடை போக என்ன செய்தீர்கள்? வெயிலில் காய்ந்த பிறகும் மெத்தையில் ஒரு நெடி நிற்கிறது. வினிகர் ஊற்றிப் பார்த்தேன். போகிறது, மறுநாள் வந்துவிடுகிறது. கடையில் விற்கும் வாசனைத் திரவம் விலை அதிகம், அது நமக்குக் கட்டுப்படியாகாது.

அமலராணி

•

திண்டுக்கல்
6 மே 2025

என் அன்பு அமலாவுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். மெத்தென்ற சேலை, தொட்டில் துணி, மிச்சம் பிடிக்கிற அவசரம், ரொனால்டு போனில் பேசாமல் தப்பிப்பது. நான் ஒரு மடைச்சி. நீ சொல்லாமல் சொல்லியிருக்கிறாய், எனக்கு உறைக்கவில்லை.

முப்பத்தொன்பது வயது ஒரு வயதே இல்லை. கண் படும் என்று மறைக்கிறாய், அது சரிதான். யாரிடமும் வாய் திறக்க மாட்டேன். உன் அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. புனித சூசையப்பருக்கு மெழுகுவர்த்தி மட்டும் ஏற்றினேன். கிறிஸ்துமஸ் அன்று நான் கேட்ட வார்த்தைக்கு உன் காலில் விழுந்தாலும் தகும். பெட்ஷீட் கிட்டே போகாதே. கனமாகத் தூக்காதே.

தொட்டில் துணியைச் சோப்புப் போடும் முன் வெறும் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். முதலில் வெந்நீர் ஊற்றினால் வாடை நூலில் ஏறிக்கொள்ளும். மெத்தைக்குச் சோடா உப்பைத் தூவி ஒரு மணி நேரம் விட்டுத் தட்டு.

நீ வர முடியாது, புரிகிறது. ரொனால்டு மட்டும் நாலு நாள் வந்துபோகட்டும்.

உன் மதினி

•

இப்ரி
10 ஜூன் 2025

அன்புள்ள மதினிக்கு,

அப்படி எதுவும் இல்லை மதினி. உடனே எழுதியிருக்க வேண்டும், கை வரவில்லை. மன்னியுங்கள். மெழுகுவர்த்தி ஏற்றியதற்கு நன்றி.

கன்னிவாடி முனியப்பன் இங்கே லாரி ஓட்டுகிறவர், லீவில் ஊர் வருகிறார். அவரிடம் இதையும் ஷைனிக்கு ஒரு அத்தர் புட்டியும் கொடுத்துவிடுகிறேன்.

இங்கே நாற்பத்தெட்டு டிகிரி. மாடித் தொட்டித் தண்ணீர் கை வைக்க முடியாமல் கொதிக்கிறது. அதனால் விடிவதற்குள் துவைத்துவிடுகிறேன். நிறத் துணியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட வேண்டும், இல்லையென்றால் ஒரு வாரத்தில் வெளுத்துவிடும். புழுதிக்காற்று வந்தால் மறுபடி அலச வேண்டும், ஒரு லாரித் தண்ணீரில் பாதி அதிலேயே போய்விடும்.

பச்சைத் தண்ணீரில் முதலில் அலசுவது பலித்தது.

அமலராணி

•

திண்டுக்கல்
29 ஜூன் 2025

அமலராணிக்கு,

நாங்கள் சுகம். முனியப்பன் வந்தான். காப்பி கொடுத்து உட்கார வைத்து எல்லாம் கேட்டேன்.

"அண்ணி மாடிக்கே விடலக்கா. படிக்கு அடியிலயே நிப்பாட்டிச் சாமானக் குடுத்தாக. தண்ணி கேட்டேன், கீழயே கொண்டாந்து குடுத்தாக."

"ரொனால்டப் பாத்தியா?"

"சனவரிக்கு அப்புறம் அண்ணன நான் கண்ணாலயே பாக்கலக்கா. கேட்டா வேற சைட்டுங்கிறாக. ஆனா ஒண்ணு, தெருவுல நின்னு மொட்டமாடிய அண்ணாந்து எண்ணிப் பாத்தேன், ஆறு பெட்ஷீட்டு காயுது. அம்புட்டு பெட்ஷீட்டு லாட்ஜுலதான் காயும்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். உன் அண்ணன் எழுந்து உள்ளே போய்விட்டார்.

நேராகவே கேட்கிறேன். அந்த ஊரில் தனி ஆண்களுக்குக் கட்டில் கட்டிலாக வாடகைக்கு விடுவார்கள் என்று எனக்கும் தெரியும். என் தம்பி வீட்டில் ஆள் வைத்திருக்கிறாயா? அவனுக்குத் தெரிந்தா, தெரியாமலா? அவன் அந்த வீட்டில்தான் இருக்கிறானா, இல்லை உங்களுக்குள் முறிந்துவிட்டதா? அவன் போனிலிருந்து வருகிற தட்டச்சு அவனுடையதுதானா?

கொசவபட்டிக்காரர்கள் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் போடுவதற்கு முன் அவன் வருவது உறுதியா என்று கேட்கிறார்கள். ஜூலை இருபதுக்குள் எனக்குப் பதில் வேண்டும். துணி துவைப்பதைப் பற்றி அல்ல.

மரியசெல்வி

•

திண்டுக்கல்
26 ஜூலை 2025

அன்புள்ள அமலராணிக்கு,

நீ பதில் எழுதவில்லை. போன கடிதத்தின் முடிவில் நான் உன் சுகம்கூடக் கேட்கவில்லை என்பது தபாலில் போட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது.

நேற்று எங்கள் தெருவில் எட்டு நாளைக்குப் பிறகு தண்ணீர் வந்தது. வந்த நேரம் கரண்ட் இல்லை. ஷைனி வெளியே போயிருந்தாள், உன் அண்ணன் விதைக்கடையில். பெட்ஷீட்டை நானே கையால் துவைத்தேன். பிழியும்போது உன் யோசனை ஞாபகம் வந்து ஒரு முனையைக் குழாயில் கட்டினேன். இரண்டு முறுக்கிலேயே தோள் விட்டுப்போயிற்று. இதை நீ ஒரு நாளைக்கு ஆறு தடவை செய்கிறாய். வாடகைக்கு ஆள் வைத்தால்கூடத் தினமும் யார் பெட்ஷீட் மாற்றுவார்கள்? அந்த ஈரத்துணியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

குஜிலியம்பாறையில் என் மாமனார் இரண்டு வருடம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். நான்தான் பார்த்தேன். அப்போது எனக்கும் ஒரு நாளைக்கு ஆறு விரிப்புதான். முதுகு புண்ணாகாமல் இருக்கப் பழைய சேலையைத்தான் கிழித்து விரித்தேன். மெத்தையில் அதே நெடி. இதையெல்லாம் செய்த நான், உன் கடிதங்களைப் படித்து உனக்குப் பிள்ளை வரும் என்றேன், பிறகு லாட்ஜ் என்றேன்.

கடிதங்களை எடுத்து மறுபடி பார்த்தேன். சேலை, மெத்தை, தொட்டில் துணி எல்லாம் இருக்கிறது. அவன் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற சட்டை ஒன்றைக்கூட நீ துவைத்ததாக எழுதவில்லை.

என் தம்பி படுத்திருக்கிறான். அவனால் பேச முடியவில்லை. சரிதானா? ஒரு வார்த்தை எழுது, போதும். நீ எப்படி இருக்கிறாய் என்றும் எழுது.

மரியசெல்வி

•

இப்ரி
8 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மதினிக்கு,

சரிதான்.

ஜனவரி பதினாலாம் தேதி வேலையிடத்தில் விழுந்துவிட்டார். பக்கவாதம். வலது கையும் வலது காலும் போய்விட்டன. பேச்சும் போனது. "கை இல்லையா" என்று நீங்கள் எழுதிய கடிதத்தை நான் அவருக்குப் படித்துக்காட்டவில்லை. மற்றவற்றில் கல்யாணச் சேதியை மட்டும் படித்துக்காட்டினேன். வேலை மார்ச்சோடு முடிந்துவிட்டது. நான் ரிசப்ஷனில் வேலை பார்க்கும் கிளினிக்கின் விசாவில்தான் இரண்டு பேரும் இருக்கிறோம். என் ஒரு சம்பளத்தில்தான் எல்லாம். அதனால்தான் சோப்பிலும் தண்ணீரிலும் அவ்வளவு மிச்சம் பார்த்தேன். விமானத்தில் ஏற்ற ஆறு மாதமாவது ஆகட்டும் என்றார்கள். தட்டச்சு செய்தது நான்தான், முதலில் உங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்.

பிப்ரவரியில் உங்கள் கடிதத்தைப் படித்துக்காட்டியபோது அவருக்கு முதலில் வந்த வார்த்தை "அக்கா". இரண்டாவது "வேணாம்". உங்களுக்குத் தெரிந்தால் ஷைனி கல்யாணத்தை நிறுத்திவிட்டு ஓடிவருவீர்கள், கொசவபட்டிக்காரர்கள் அபசகுனம் என்று பின்வாங்குவார்கள் என்று அவருக்குப் பயம். என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினார், இடது கையால். முனியப்பனை மேலே விட்டால் கன்னிவாடி பஸ் ஸ்டாண்டு வரை செய்தி போயிருக்கும்.

படுக்கையைப் பார்க்க எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. உங்கள் மாமனாரை நீங்கள் பார்த்தது எனக்குத் தெரியும். நேராகக் கேட்க முடியாது, அதனால் துணியைப் பற்றிக் கேட்டேன். என் கடிதங்களில் பொய் ஒன்றே ஒன்று, "சுகம்" என்று எழுதியது. லாட்ஜ் கடிதத்தை மாடியில் உட்கார்ந்து படித்தேன். ஆறு பெட்ஷீட்டும் காய்ந்து முடியும் வரை கீழே இறங்கவில்லை.

இப்போது உட்காருகிறார். பகலில் விரிப்பு இரண்டாகக் குறைந்துவிட்டது. நான் சுகம் மதினி. தோள்தான் வலிக்கிறது.

அமலராணி

•

திண்டுக்கல்
19 ஆகஸ்ட் 2025

என் அமலாவுக்கு,

முதலில் சேதி. கல்யாணம் நிற்கவில்லை. உன் கடிதம் வந்த அன்றே நானும் உன் அண்ணனும் கொசவபட்டி போனோம். சம்பந்தியம்மா நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காலால் நெல்லைக் கிண்டிக்கொண்டே, "இதுக்கா இம்புட்டு வேர்த்துப் போய் வந்திருக்கீக? வண்டில ஒக்காந்து வந்தா தாய்மாமன் இல்லேன்னு ஆயிருமா? எங்க பயலுக நாலு பேரு தூக்கிட்டு வருவானுக. அவுகளுக்கு என்ன வெஞ்சனம் பிடிக்கும், அதச் சொல்லுங்க" என்றார். திரும்பும் வழியில் உன் அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டு ரோட்டோரம் நின்று மூக்கைச் சிந்தினார்.

உனக்கு என்னிடம் மறைக்கத் தோன்றியதில் எனக்கும் பங்கு இருக்கிறது. லாட்ஜ் என்று எழுதிய கையால் மன்னிப்பு எழுதினால் நன்றாக இருக்காது. அதனால் முனியப்பனிடம் ஒரு மூட்டை கொடுத்திருக்கிறேன். பதினோரு சேலை, எல்லாம் சின்னாளப்பட்டி. விரிக்கிற அளவுக்குக் கிழித்து ஓரம் மட்டும் அடித்திருக்கிறேன், நடுவில் தையல் வராமல் பார்த்துக்கொண்டேன், முதுகில் உறுத்தும். நீ தள்ளிவிட்ட அம்மாவின் நாலும் அதில் இருக்கின்றன. முனியப்பனை இந்தத் தடவை மாடிக்கு விடு. "லாட்ஜுன்னு சொன்ன வாய அடுப்புல வைக்கணும்" என்று அழுதுவிட்டான்.

அவனைக் கூட்டிக்கொண்டு வா. கல்யாணத்துக்கு முன்னாலேயே வா. கோவில் பக்கவாசலில் சாய்வுப் பாதை இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டேன், சக்கர நாற்காலி போகும். ஷைனியைப் பிடித்துக்கொள்ள இடது கை போதும். அதற்குப் பிறகு நம் வீட்டுக் கீழ் அறையில் இருங்கள். இங்கே லாரித் தண்ணீர் வேண்டாம், ஆனால் எட்டு நாளைக்கு ஒரு தடவைதான் குழாய் வரும். அன்றைக்கு எல்லாவற்றையும் சேர்த்துத் துவைப்போம். குழாயில் கட்ட வேண்டாம், மறுமுனையை நான் பிடிக்கிறேன்.

உன் மதினி

•

இப்ரி
30 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மதினிக்கு,

இங்கே இருவரும் சுகம். இந்தத் தடவை பொய் இல்லை.

செப்டம்பர் ஆறாம் தேதி டிக்கெட். இரண்டு பேருக்கும்.

நேற்று மூட்டையைப் பிரித்தேன். அத்தையின் ஊதாச் சேலையைப் பார்த்ததும் அவர் எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். பிறகு, "சொல்... லிட்டியா?" என்று கேட்டார்.

"நான் சொல்லல. துணி துவைக்கிறதப் பத்தித்தான் எழுதுனேன், அதுலயே மதினி கண்டுபிடிச்சுட்டாக" என்றேன்.

இன்று காலையில் அந்தச் சேலைத் துண்டை அலசி, குழாயில் கட்டப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் இடது கையை நீட்டினார். ஒரு முனையைக் கொடுத்தேன், பிடித்துக்கொண்டார். நான் முறுக்கினேன். அவரும் முறுக்கினார். துணி சும்மா சுற்றியது, சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. கை பழகவில்லை போலிருக்கிறது என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். வாயின் ஒரு பக்கத்தால் சிரித்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் வந்ததும் நீங்கள்தான் கத்த வேண்டும்.

அமலராணி